ஊர்ப் பொது நூலகத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு

ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். பிரதேச சபையிலோ நகர சபையிலோ யாராவது ஒருவர் "இந்த முறை நம்மட நூலகத்துக்கு ஒரு மலர் போடுவம்" என்று தொடங்குவார், எல்லாரும் தலையாட்டிவிட்டு எழும்பிப் போவார்கள், வரலாறு எழுதும் வேலை மட்டும் சுற்றிச் சுற்றி ஊரில் கொஞ்சம் எழுதத் தெரிந்த ஒருவரின் தலையில் வந்து விழும். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் இது உங்களுக்குத்தான். ஆரையம்பதியோ செங்கலடியோ ஏறாவூரோ, கல்முனையை ஒட்டிய பாண்டிருப்போ மருதமுனையோ, பட்டணத்துக்குப் பக்கத்து ஊர் எதுவாக இருந்தாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

நம்முடைய பழைய மலர்களைப் புரட்டிப் பாருங்கள். முன்பக்கங்கள் முழுக்க ஆசிச் செய்தியும் வாழ்த்துச் செய்தியும். அப்புறம் இரண்டு பக்கத்தில் "நூலக வரலாறு". அதிலும் ஒரு பக்கம் அலெக்சாந்திரியாவில் தொடங்கி, நாளந்தா வழியாக வந்து, 1981இல் யாழ்ப்பாணத்தில் எரிந்த 97 ஆயிரம் புத்தகங்களில் முடியும். மிச்சப் பக்கத்தில் யார் அடிக்கல் நாட்டினார், யார் நாடா வெட்டினார், எந்தெந்தத் தவிசாளர் எந்தெந்த வருடம் இருந்தார் என்பதோடு சரி. ஊர்ச் சனம் அங்கே என்ன வாசித்தது, புத்தகம் எங்கிருந்து வந்தது, சூறாவளிக்குப் பிறகு எத்தனை மிஞ்சியது என்று ஒரு வரி இருக்காது. திறப்புவிழாக் கல்லைப் பார்த்து எழுதினால் கட்டடத்தின் வரலாறுதான் வரும். நூலகத்தின் வரலாறு வேண்டுமென்றால் பதிவேட்டைத் திறக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது

"நூலகம் எப்போது தொடங்கியது?" என்று கேட்டால் ஊரில் மூன்று பதில் கிடைக்கும், மூன்று பேரும் சண்டைக்கு நிற்பார்கள். காரணம் எளிது. நம் பக்கத்தில் பல பொது நூலகங்கள் முதலில் வாசிகசாலையாகத்தான் பிறந்தன. யாரோ ஒரு கடைக்காரர் முன்விறாந்தையைக் கொடுத்திருப்பார், ஒரு வாத்தியார் வீரகேசரியும் தினகரனும் வாங்கிப் போட்டிருப்பார், இளைஞர் சங்கமோ கோயில் நிருவாகமோ பள்ளிவாசல் நிருவாகமோ ஒரு மேசையும் வாங்கும் போட்டிருக்கும். சில வருடம் கழித்து உள்ளூராட்சி மன்றம் அதைப் பொறுப்பெடுத்திருக்கும். அதற்கும் பின்னால் ஒரு நாள் சொந்தக் கட்டடம் வந்திருக்கும். ஆக, வாசிகசாலை திறந்த ஆண்டு, சபை பொறுப்பெடுத்த ஆண்டு, கட்டடம் திறந்த ஆண்டு என்று மூன்று திகதி. மூன்றையும் தேடுங்கள், மூன்றையும் எழுதுங்கள், எது எதன் திகதி என்று சொல்லுங்கள். பொன்விழா எந்த வருடம் என்ற தகராறைச் சபைக்காரர் பேசித் தீர்க்கட்டும்.

அடுத்து, உங்கள் ஊரை யார் யார் நிருவகித்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் எந்தக் கந்தோர்க் கதவைத் தட்டுவது என்றே தெரியாது. 1981 வரை சின்ன ஊர்களில் கிராமச் சபை, கொஞ்சம் வளர்ந்த இடங்களில் பட்டின சபை. பழைய ஆட்கள் கிராமாட்சி மன்றம், பட்டினாட்சி மன்றம் என்றும் சொல்வார்கள். 1980ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் மாவட்ட அபிவிருத்தி சபைகள் வந்தபோது இந்த இரண்டும் இல்லாமல் போயின. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் உருவாகி 1988இலிருந்து இயங்கத் தொடங்கின. அப்புறம் சில இடங்கள் நகர சபையாகவும் மாநகர சபையாகவும் தரம் உயர்ந்தன. பழைய கிராமச் சபைக் கந்தோர்கள் பல பிரதேச சபையின் உப அலுவலகமாக மாறின என்பதை மறக்க வேண்டாம். தலைமைக் கந்தோரில் "பழசு ஒண்டும் இல்ல தம்பி" என்று கைவிரித்தால் உப அலுவலகத்து அலுமாரியையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

அம்பாறை மாவட்டத்து ஆட்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. உங்கள் மாவட்டம் பிரிந்தது 1961இல். அதற்கு முன் கல்முனையும் அக்கரைப்பற்றும் திருக்கோவிலும் பொத்துவிலும் மட்டக்களப்பு மாவட்டம்தான். ஆகவே 1950களின் கடிதமோ மானியமோ தேடுவதாக இருந்தால் அம்பாறையில் நின்று பிரயோசனம் இல்லை, மட்டக்களப்புக் கச்சேரிப் பக்கம் போக வேண்டும்.

பதிவேடு

இப்போது முக்கியமான சாமானுக்கு வருவோம். நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் வந்த வரிசையில் எழுதும் தடித்த பதிவேடு ஒன்று இருக்கும். நூலகத்தில் வேலை செய்பவர்கள் அக்செஷன் ரெஜிஸ்டர் என்பார்கள். திகதி, தொடரிலக்கம், ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், விலை, எங்கிருந்து வந்தது, குறிப்பு என்று நிரல்கள் ஓடும். பார்க்க அலுப்பான பொருள். ஆனால் உங்கள் ஊரின் முப்பது நாற்பது வருட மனம் இதற்குள் இருக்கிறது.

முதலாவது, வருடவாரியாக எண்ணுங்கள். எந்த வருடம் எத்தனை புத்தகம் வந்தது என்று ஒரு நீளத் தாளில் கோடு போட்டாலே போதும், மேடும் பள்ளமும் தெரியும். மேடு இருந்தால் யார் கொடுத்தார்கள் என்று "எங்கிருந்து" நிரலைப் பாருங்கள். சபை நிதியா, எம்.பி.மார் ஒதுக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியா, ஆசியா மன்றத்தின் அன்பளிப்பா, வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கமா, செத்துப்போன ஒரு வாத்தியாரின் வீட்டு அலுமாரி மொத்தமாக வந்ததா? ஆசியா மன்றம் என்ற அமெரிக்க நிறுவனம் 1954இலிருந்து ஆசிய நாடுகளுக்கு ஆங்கிலப் புத்தகங்கள் கொடுத்துவந்தது. நம் நூலகங்கள் பலவற்றின் ஆங்கிலத் தட்டில் அந்த முத்திரை குத்திய அமெரிக்கப் பாடநூல்களைக் காணலாம், யாரும் தொடாமல் புத்தம் புதிதாக. அதையும் எழுதுங்கள். ஒரு தட்டு முழுக்க ஊருக்குத் தேவையில்லாத புத்தகம் நின்றதும் வளர்ச்சிக் கதையில் ஒரு பகுதிதான்.

பள்ளம் இருந்தால் அந்த வருடம் என்ன நடந்தது என்று கேளுங்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளிக்குப் பிறகு, 1990 இடம்பெயர்வுக்குப் பிறகு, 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பதிவேட்டில் என்ன நடக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். சில இடங்களில் தொடரிலக்கம் திரும்ப 1இல் தொடங்கும். அப்படித் தொடங்கினால் பழைய பதிவேடு போய்விட்டது என்று அர்த்தம். அதோடு முன்னிருந்த புத்தகங்களும் போனதா, இருந்தவற்றுக்கே புது இலக்கம் போட்டார்களா என்பது வேறு கேள்வி. தட்டில் நிற்கும் பழைய புத்தகங்களின் உள்பக்கத்தைத் திருப்பினால் பதில் கிடைக்கும். இரண்டு இலக்கம் இருந்து ஒன்று வெட்டப்பட்டிருந்தால் அது தப்பிய புத்தகம். அந்த வெட்டிய இலக்கங்களில் ஆகப் பெரியது எது என்று பாருங்கள். குறைந்தது அத்தனை புத்தகம் முன்னர் இருந்தது என்று அழிந்த பதிவேட்டின் அளவையே ஓரளவு பிடித்துவிடலாம்.

இரண்டாவது, என்ன வகைப் புத்தகம். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து இலக்கமிடும் தூயி தசாம்சப் பகுப்பின்படி நூலகர் இலக்கம் போட்டிருந்தால் உங்கள் வேலை சுலபம். 894.811 என்றால் தமிழ் இலக்கியம், 954.93 என்றால் இலங்கை வரலாறு. நாவலும் சிறுகதையும் எத்தனை, சமயம் எத்தனை, பரீட்சை வழிகாட்டி எத்தனை என்று பத்து வருடத்துக்கு ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நாவலுக்குப் போன காசு எந்தக் காலத்தில் சாதாரண தர, உயர்தர வினாவிடைப் புத்தகங்களுக்குத் திரும்பியது என்பது நூலகத்தின் கதை மட்டுமா, பட்டணத்து ரியூஷன் நம் ஊருக்குள் நுழைந்த கதையும் அதுதானே. சஞ்சிகைகளுக்குத் தனிப் பதிவேடு இருந்தால் 1970களின் தொடக்கத்தைக் கவனியுங்கள், இந்தியச் சஞ்சிகைகளுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்த காலம் அது. அந்த இடத்தை எது நிரப்பியது என்று பார்த்தால் நல்ல ஒரு பந்தி கிடைக்கும்.

"கழிக்கப்பட்டது" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும் இடங்களையும் விடாதீர்கள். வருட முடிவில் இருப்பைச் சரிபார்க்க நடக்கும் போர்ட் ஒஃப் சேவே அறிக்கைகள் சபையில் இருந்தால், எது கறையான் தின்றது, எது காணாமல் போனது, எது கிழிந்து கழிக்கப்பட்டது என்று தெரியும். காணாமல் போன புத்தகங்களின் பட்டியலை விட நேர்மையான வாசகர் கருத்து எங்கும் கிடைக்காது என்பது என் எண்ணம்.

இரவல் பதிவேடு கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் ஒன்று, யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்று பெயரோடு அச்சில் போடக் கூடாது, அவர் பிற்காலத்தில் எவ்வளவு பெரிய ஆளாக வந்திருந்தாலும் சரி. மொத்தக் கணக்கு மட்டும் போதும். எத்தனை பேர், எந்த மாதம் கூட, பெண்களின் பெயர் எந்த வருடத்தில் கூடத் தொடங்கியது. அந்தக் கடைசிக் கேள்வியை நம் மலர்கள் கேட்டதே இல்லை.

கந்தோரில் கேட்கும் முறை

நல்லபடியாகக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். நூலகரிடம் நேரே போய், என்ன எழுதப்போகிறீர்கள், எந்த நேரத்தில் வந்தால் அவருக்கு இடைஞ்சல் இல்லை என்று கேளுங்கள். அப்புறம் சபைச் செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுமதி எடுங்கள், வாய்ச்சொல் அனுமதி ஆள் மாறினால் போய்விடும்.

கடிதத்துக்குப் பதிலே வரவில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு சபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே சபையில் மேன்முறையீட்டுக்கென்று குறிக்கப்பட்ட அதிகாரியிடமும், அதற்கு மேல் ஆணைக்குழுவிடமும் போகலாம். கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். "நூலகம் தொடர்பான அனைத்துத் தகவல்களும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. "1988 முதல் 1995 வரையான கூட்டறிக்கைகளில் நூலகம் பற்றிய தீர்மானங்களின் பிரதி" என்று கேட்டால் வரும், அல்லது இல்லை என்ற பதிலாவது எழுத்தில் வரும். அந்த "இல்லை"யும் ஓர் ஆவணம்தான், பைலில் போடுங்கள்.

கூட்டறிக்கை தேடும்போது ஒன்றை மனதில் வையுங்கள். கிழக்கில் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லாத காலங்கள் நீளமானவை. மட்டக்களப்பு மாவட்டத்தில் 1994இல் ஓர் உள்ளூராட்சித் தேர்தல், அடுத்தது 2008 மார்ச்சில். இடையில் சபை இல்லாத வருடங்களில் விசேட ஆணையாளரோ செயலாளரோ எடுத்த முடிவுகள் வேறு பைல்களில் இருக்கும், கூட்டறிக்கைப் புத்தகத்தில் தேடினால் வெறும் இடைவெளிதான். கடைசியாகப் பல சபைகளில் 2023 மார்ச்சிலிருந்து 2025 தேர்தல் வரையும் இப்படி ஒரு காலம் போனது.

திகதி இல்லாத கடதாசிக்குத் திகதி போடுவது

பாதிக் கடதாசிகளில் திகதி இருக்காது, அல்லது கறையான் சரியாக அந்த மூலையைத்தான் தின்றிருக்கும். முத்திரையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் "சிலோன்" என்று இருந்தால் 1972 மே 22க்கு முந்தியது என்று எடுக்கலாம். ஆனால் பழைய ரப்பர் முத்திரையை எறிய மனமில்லாமல் பிறகும் கொஞ்சக் காலம் குத்தியவர்கள் உண்டு என்பதையும் யோசியுங்கள். கிராமச் சபை முத்திரை என்றால் 1981க்கு முன். கடிதத் தலைப்பில் "வடக்கு கிழக்கு மாகாணம்" என்று இருந்தால் 1988க்கும் 2006 முடிவுக்கும் இடையில். "கிழக்கு மாகாண சபை" என்றால் 2007 ஜனவரிக்குப் பிறகு. கட்டடச் சுவரில் நெல்சிப் திட்டத்தின் பெயர் பொறித்த கல் இருந்தால் 2010க்குப் பிந்திய வேலை, உலக வங்கியும் அவுஸ்திரேலியாவும் காசு போட்ட திட்டம் அது.

ஆட்களின் நினைவுக்குத் திகதி போடவும் இதே மாதிரி ஒரு வழி உண்டு. வயதான ஒருவரிடம் "எத்தனையாம் ஆண்டு?" என்று கேட்காதீர்கள். ஏதாவது ஓர் ஆண்டைச் சொல்லிவிடுவார், பிறகு அதையே பிடித்துக்கொண்டு நிற்பார். "சூறாவளிக்கு முந்தியா பிந்தியா?" என்று கேளுங்கள், யோசிக்காமல் சொல்வார். 1957 டிசம்பர் வெள்ளம், பாணுக்கு வரிசையில் நின்ற 1970களின் நடுப்பகுதி, 78 சூறாவளி, 90 இடம்பெயர்வு, சுனாமி, நம் பக்கத்துச் சனத்துக்குக் கலண்டர் இதுதான். "மறுகா சுனாமிக்குப் பிறகுதான் மேசை கதிரையெல்லாம் வந்த" என்று ஓர் அம்மா சொன்னால் அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் வீட்டு நிகழ்வுகளைப் பிடியுங்கள். மூத்த மகள் பிறந்திருந்தாளா, தம்பி மத்திய கிழக்குக்குப் போயிருந்தானா?

யாரிடம் கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முன்னாள் தவிசாளரிடமும் ஓய்வுபெற்ற அதிபரிடமும் போய்விட்டு முடித்துவிடுகிறார்கள். அவர்கள் மேடையில் சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். முன்னாள் நூலகர், நூலகத்தைக் கூட்டித் துடைத்த அக்கா, இரவுக் காவலாளி, பேப்பர் கொண்டுவந்து போட்ட ஏஜென்டு, பக்கத்துத் தேத்தண்ணிக்கடைக் காக்கா, இவர்களைப் பிடியுங்கள். பேப்பர் எத்தனை மணிக்கு வந்தது, யார் முதலில் தூக்கினார், யார் சத்தமாக வாசித்து மற்றவர்களுக்குச் சொன்னார், மின்சாரம் வரும் முன் எத்தனை மணிக்குக் கதவைச் சாத்தினார்கள், பெண்பிள்ளைகள் உள்ளே இருந்து வாசித்தார்களா அல்லது தம்பியை அனுப்பிப் புத்தகம் எடுத்தார்களா, இந்த மாதிரிக் கேள்விகளுக்குத்தான் கதை வரும்.

போனில் பதியுங்கள், பதியப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பதியுங்கள், அவர் சம்மதம் சொல்வதும் பதிவில் இருக்கட்டும். யுத்த காலத்தைத் துருவ வேண்டாம். நம் பக்கத்தில் பொதுக் கட்டடங்கள் அகதி முகாமாக இருந்த காலமும் படை முகாமாக இருந்த காலமும் உண்டு, நூலகமும் அதற்குள் அகப்பட்டிருக்கலாம். சொல்ல விரும்புகிறவர் தானாகச் சொல்வார். "இதப் போடாத மகன்" என்றால் போடக் கூடாது, அவ்வளவுதான், பெயரை மாற்றிப் போடுகிறேன் என்ற பேச்சுக்கும் இடமில்லை, சின்ன ஊரில் பெயர் மாற்றி ஒருவரையும் மறைக்க முடியாது.

இன்னொன்று, தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரு தெரு இடைவெளியில் இருக்கும் இடம் இது. ஒரு காலத்தில் ஒரே நூலகத்துக்கு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வந்திருப்பார்கள், பிறகு வராமல் போயிருப்பார்கள், அல்லது சபை பிரிந்து இரண்டு நூலகமாகியிருக்கும். இரண்டு பக்கமும் கேட்டு எழுதாவிட்டால் அது பாதி வரலாறு. இதில் சங்கடம் வரும் என்று பயந்து அந்தப் பந்தியையே விட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விடுவதை விட, இரண்டு பேர் சொன்னதையும் அவரவர் சொன்னபடியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவது மேல்.

வெளியில் தேட வேண்டிய இடங்கள்

முதலில் வீட்டிலிருந்தே "நூலகம்" என்ற பெயருடைய இணையத்தளத்தில் தேடுங்கள். 2005இல் தொடங்கிய திட்டம், ஈழத்து மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், பழைய பத்திரிகைகள் ஏராளமாக ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும், வாழைச்சேனையோ அட்டாளைச்சேனையோ ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார்கள். ஊர்ப் பாடசாலையின் நூற்றாண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், இறந்தவரின் 31ஆம் நாளுக்கு அடிக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம், இவற்றில் எதிர்பாராத இடத்தில் வாசிகசாலை பற்றி ஒரு வரி கிடக்கும். கல்வெட்டில் "அன்னார் வாசிகசாலையின் ஸ்தாபகச் செயலாளர்" என்று போட்டிருந்தால் அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குப் போக ஒரு காரணம் கிடைத்தது.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக நூலகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகமும் இருக்கின்றன. மட்டக்களப்பு பற்றிய, கல்முனை பற்றிய ஆய்வேடுகள் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கொழும்புக்குப் போக முடிந்தால் றீட் அவெனியூவில் தேசிய சுவடிகள் திணைக்களம். பழைய அரசாங்க அதிபர்களின் ஆண்டறிக்கைகள், வர்த்தமானிகள், பத்திரிகைக் கோவைகள் அங்கேதான். பத்திரிகையை வருடக்கணக்காகப் புரட்டப் புறப்பட்டால் சீவன் போய்விடும். திறப்புவிழா மாதத்தை ஊரிலேயே உறுதிப்படுத்திக்கொண்டு போங்கள், அந்த மாதத்துக் கோவையை மட்டும் கேளுங்கள்.

ஊர் எப்படி வளர்ந்தது என்பதற்குக் குடிசன மதிப்பீடு வேண்டும். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 1981க்குப் பிறகு 2001இல் எடுத்தபோது அம்பாறையில் முழுமையாக எடுத்தார்கள், மட்டக்களப்பில் முடியவில்லை. அதனால் மட்டக்களப்பு ஊர்களுக்கு 1981, அப்புறம் 2007இல் கிழக்கில் நடந்த விசேட கணக்கெடுப்பு, அப்புறம் 2012 என்றுதான் கோர்க்க வேண்டும். இடையில் உள்ளதைக் கணக்குப் பார்த்து நீங்களாக நிரப்ப வேண்டாம்.

படம் எடுத்தல், ஈரக் கடதாசி

ஸ்கானர் தேவையில்லை, போன் போதும். ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சம், பிளாஷ் இல்லாமல், போனை நேர்மேலே பிடித்து எடுங்கள். பதிவேட்டின் அட்டை, முதல் பக்கம், கடைசிப் பக்கம், வெற்றுப் பக்கம் எல்லாவற்றையும் எடுங்கள். வீட்டுப் படங்களை அல்பத்தோடு கடன் வாங்கிக்கொண்டு வராதீர்கள், அந்த வீட்டு மேசையிலேயே வைத்து எடுங்கள், பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பேனாவில் எழுதிய பெயரும் அங்கேதான் இருக்கும். பைல் பெயரில் ஆண்டை முன்னுக்குப் போட்டால் தானாக வரிசையில் நிற்கும். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று நூலகத்தில், ஒன்று இணையச் சேமிப்பில். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும், டொக்கியுமென்டாக அனுப்புங்கள்.

சுனாமியில் நனைந்து காய்ந்து ஒட்டிப்போன பதிவேடுகள் இன்னும் சில அலுமாரிகளில் இருக்கின்றன. பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள், பக்கத்தோடு மையும் கிழிந்து வரும். வெளியே தெரிகிறதைப் படம் எடுத்துவிட்டு, அப்படியே வெள்ளைக் கடதாசியில் சுற்றி வைத்து, சுவடிகள் திணைக்களத்தில் பேணல் வேலை தெரிந்தவர்களிடம் கேளுங்கள். புதிதாக நனைந்தது என்றால் வெயிலில் போடக் கூடாது. நிழலில், காத்தாடிக்குக் கீழே, பக்கங்களுக்கு இடையில் உறிஞ்சும் தாள் வைத்து மாற்றி மாற்றிக் காயவிட வேண்டும். செலோடேப், லெமினேற்றிங் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

எழுதும்போது

அலெக்சாந்திரியாவை வெட்டுங்கள். உங்கள் ஊரில், பிரதான வீதியில், எந்தக் கடைக்குப் பக்கத்தில் அந்த வாசிகசாலை இருந்தது என்று தொடங்குங்கள். நூலகம் இடம் மாறிய ஒவ்வொரு முறையும் ஊரும் ஏதோ ஒரு பக்கம் நகர்ந்திருக்கும், சந்தை மாறியிருக்கும், பஸ் நிற்கும் இடம் மாறியிருக்கும், கடற்கரைச் சனம் உள்ளுக்கு வந்திருக்கும். கையால் கீறிய ஒரு வரைபடத்தில் அந்த இடங்களை இலக்கமிட்டுக் காட்டினால் நாலு பந்தி மிச்சம்.

தவிசாளர்கள் பட்டியலைப் பின்னிணைப்பில் போடுங்கள், விட்டுவிட்டால் பிரச்சினை வரும், நடுவில் போட்டால் வாசிக்கிறவர் ஓடிவிடுவார். நூலகர்களின் பட்டியல் அதற்கு முன்னால் வரட்டும். ஒரு தகவலுக்கு ஒரே ஒருவர் சொன்னதுதான் ஆதாரம் என்றால் "நூலகத்தில் அந்தக் காலத்தில் வேலை செய்த ஒருவர் சொன்னது" என்று வரிக்குள்ளேயே சொல்லிவிடுங்கள். இரண்டு ஆவணம் முரண்பட்டால் இரண்டையும் காட்டுங்கள். "முதன்முதலாகக் கிழக்கிலங்கையிலேயே" என்ற சொற்றொடர் எங்கே வந்தாலும் வெட்டுங்கள், எல்லா ஊர் மலரிலும் அது இருக்கிறது.

அச்சுக்குப் போகும் முன், கதை சொன்னவர்களிடம் அவர்கள் பகுதியை வாசித்துக் காட்டுங்கள், பெயர் எழுத்துப்பிழைகள் அங்கேதான் பிடிபடும். தனி நூலாக வந்தால் தேசிய நூலக, ஆவணமாக்கல் சேவைகள் சபையிடம் ஐ.எஸ்.பி.என் இலக்கம் எடுங்கள். சுவடிகள் திணைக்களத்துக்குப் பிரதிகள் கொடுக்க வேண்டியது அச்சகத்தாரின் சட்டக் கடமை, கொடுத்தார்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நூலகம் திட்டத்துக்கு பி.டி.எப்பை அனுப்புங்கள். உங்கள் சொந்த நூலகத்தில் குறைந்தது இரண்டு பிரதியை உசாத்துணைப் பகுதியில் வைக்கச் சொல்லுங்கள், இரவல் பகுதியில் வைத்தால் ஒரு கிழமையில் காணாமல் போகும். நேர்காணல் ஒலிப்பதிவுகளையும் படங்களையும் ஒரு பென்டிரைவில் போட்டு, யார் யார், எந்தத் திகதி என்று எழுதிய தாளோடு நூலகரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். அந்தப் பென்டிரைவையும் அக்செஷன் ரெஜிஸ்டரில் பதிந்து ஓர் இலக்கம் போடச் சொல்லுங்கள்.